பூட்டிய வீடும் காலி வீடும்

1

இந்த ஆண்டு இரண்டு அரசாங்கங்கள் எண்ண வருகின்றன. கனடா என்னை எண்ணுகிறது. இந்தியா என் தங்கையை எண்ணுகிறது. கனடா ஒரு கடிதத்தில் நீண்ட எண் ஒன்றை அனுப்பி, கணினியில் நீயே நிரப்பிக்கொள் என்கிறது. இந்தியா ஒரு பள்ளி ஆசிரியையை மலையேற்றி அனுப்புகிறது.

அந்த மலை மாஞ்சோலை. அங்கே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் என் தங்கை எஸ்தர் இருக்கிறாள். தோட்டத்தில் வேலை நின்றுவிட்டது. பெரும்பாலானவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். எஸ்தர் இறங்கவில்லை. வயது அறுபத்தாறு. இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண்ணுக்குப் பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சைக்கு நான் இங்கிருந்தே நாள் வாங்கிக் கொடுத்தேன். அவள் போகவில்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் வரும்போது வீடு பூட்டியிருக்கக்கூடாதாம். இரண்டாவது நாள் வாங்கினேன். கணக்கெடுக்கும் ஆசிரியை அதற்குள் வரவில்லை. எஸ்தர் அதற்கும் போகவில்லை.

மூன்றாவது நாள் வாங்கியிருக்கிறேன். இதையும் விட்டால் இனி நாள் கேட்டு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் மரியாதையாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில், பாதி உலகம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு கண்ணுக்காக இப்படிப் பதறிக்கொண்டிருக்கிறேன்.

2

நாங்கள் இருக்கும் ஊர் கனடாவின் நடுவே, கோதுமை வயல்களுக்கு மத்தியில் இருக்கிறது. கார் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். அதில் ஊரின் பெயர், கீழே மக்கள்தொகை. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பனியில் நடுங்கிக்கொண்டு வந்திறங்கியபோது எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு அந்தப் பலகைதான் காரணம். நான் கணக்கு வாத்தியார். ஆழ்வார்குறிச்சியில் ஓய்வு பெறும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். தலைவாசலிலேயே எண்ணை எழுதி வைத்திருக்கும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாமா, அது பழைய எண்ணு. நாம வந்ததை இன்னும் சேக்கலை" என்றார் மருமகன் சாம்.

மறுநாளே ஊர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இந்த ஊரில் நாலு பேர் கூடியிருக்கிறோம், பலகையைத் திருத்துங்கள் என்று. அடுத்த கணக்கெடுப்பு முடிந்ததும் திருத்துவோம் என்று பதில் வந்தது. திருத்தினார்கள். போய் நின்று படம் எடுத்துக்கொண்டேன். என் மகள் ஜெபா காரை விட்டு இறங்கவே மறுத்துவிட்டாள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிதாக இருந்ததாம். ரயில் நின்றது. சின்னப் பண்ணைகளைப் பெரிய பண்ணைகள் வாங்கின. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். நர்சுகள் இல்லாமல் ஆஸ்பத்திரியை மூடும் நிலை வந்தது. அப்போது மாகாண அரசு, வெளிநாட்டு நர்சுகள் வந்து குடியேறலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் ஜெபா வந்தாள். பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள். பள்ளியில் ஒரு வகுப்பை மூடாமல் விட்டார்கள். பூட்டிக் கிடந்த ரொட்டிக் கடையை ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் திறந்தது. அங்கே இப்போது உறைந்த கறிவேப்பிலை கிடைக்கிறது.

ஊர் வளர்கிறது என்று மேயர் ஒரு விருந்தில் பேசினார். எனக்குக் கையைத் தூக்கவேண்டும் போலிருந்தது. ஊர் தானாக வளரவில்லை ஐயா, யாரோ எங்கோ ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜெபா என் முழங்காலை அழுத்தினாள்.

இப்போது அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். ஆட்கள் அதிகம் வந்துவிட்டார்கள், வீடு போதவில்லை என்று தலைநகரில் பேச்சு. ரொட்டிக் கடைக்காரரின் அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று தெரியவில்லை. அவர் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அவர் குடும்பத்தோடு போய்விட்டால் அடுத்த பலகையில் ஐந்து குறையும். குறைந்ததற்குக் காரணம் எழுதப் பலகையில் இடம் கிடையாது.

3

வந்த புதிதில் ஒரு குளறுபடி நடந்தது. எங்கள் குடியேற்றக் காகிதங்களில் என் பெயரும் என் மனைவி பெயரும் சேர்ந்தே இருந்தன. விசா வருவதற்கு முன்னால் அவள் தவறிப்போனாள். அது எல்லா அலுவலகத்துக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் மனைவியோடு பேசலாமா என்றாள்.

நான் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவள் இல்லை."

"பரவாயில்லை. எப்போது வருவார்?"

ஃபோனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் கடமை உணர்ச்சி உள்ளவள். அடுத்த வாரமும் கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் அவள் இல்லை என்றேன். வெளியே அதிகம் போகிறவர் போலிருக்கிறது என்று சிரித்தாள். நானும் ஆமாம் என்றேன். நான்காம் தடவை ஃபோனை எடுத்தது ஜெபா. அவள்தான் விளக்கிச் சொன்னாள். வைத்துவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம் வீடுகளில் ஒருவர் வெளியே போயிருக்கும்போது 'இல்லை' என்று சொல்வதில்லை. வெளியே போயிருக்காவ, இப்பம் வந்துருவாவ என்போம். 'இல்லை' என்றால் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அத்தனை கனம் கிடையாது என்பது எனக்கு அறுபத்து மூன்று வயதுவரை தெரியாது.

பேத்தி மெர்லினுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பதின்மூன்று வயது. கணக்கெடுப்புக் கேள்விகளைக் கணினியில் அவள்தான் நிரப்பினாள். வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி.

"தமிழ்" என்றேன்.

"தாத்தா, நீங்க தமிழ்ல பேசுறது ஃபோன்ல. வீட்டுக்குள்ள இல்லை."

"ஃபோன் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"எஸ்தர் பாட்டி கனடாவுல இல்லையே."

வாதம் சரிதான். எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தமிழ் என்று போடச் சொன்னேன். தனக்கு ஆங்கிலம் என்று போட்டுக்கொண்டாள். ஜெபாவும் சாமும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டில் தமிழ் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதற்கு நான் ஊரில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கைவிட வேகமாகப் போகிறது.

4

மாஞ்சோலையில் மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்று சொல்லவேண்டும். அந்த மலையில் ஆதியிலிருந்தே தேயிலை முளைத்து, கூடவே கொழுந்து பறிப்பவர்களும் முளைத்தார்கள் என்பதுபோல இப்போது சிலர் பேசுகிறார்கள்.

எங்கள் குடும்பம் அம்பாசமுத்திரத்துப் பக்கம் வயல்வேலை செய்த குடும்பம். தாமிரபரணியில் தண்ணீர் ஓடியது. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்தது. விளைந்த நிலத்தில் எங்கள் பேரில் ஒரு சென்ட் கிடையாது. சில தெருக்களில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடக்க முடியாது. அந்த நேரத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் வந்து, மலையில் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது என்றார். என் அப்பாவைப் பெற்றவர் ஏறினார். குளிரையும் அட்டைக்கடியையும் பற்றிக் கங்காணி வாய் திறக்கவில்லை. கீழே இருந்த தெருவைப் பற்றிச் சொல்லவேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

தோட்டத்துக்குக் கை வேண்டும். ஆகவே குடும்பமாக வருகிறவர்களுக்கு வீடு கொடுத்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது. கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் வந்தன. பாபநாசத்துப் பக்கமிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வந்தது. விடியும் முன்பு வேலைக்கு ஆள் எண்ணும் மஸ்டர் வரிசையில் நிற்கும் அம்மாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். அம்மா 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பாள். நான் எண்ணக் கற்றுக்கொண்டது அந்த வரிசையைப் பார்த்துத்தான்.

அங்கிருந்து பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி விடுதிக்குப் போனேன். பிறகு வாத்தியார் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார்கள்தான் எண்ணவேண்டும். எல்லோரும் பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள தெருவைக் கேட்டார்கள். நான் மாஞ்சோலையைக் கேட்டேன். என் வரிசை வீடுகளை நானே எண்ணினேன். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டிலும் ஆள், ஒவ்வொன்றிலும் அழுகிற பிள்ளை ஒன்று.

பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆள் இல்லாத வீடெல்லாம் ஒன்றில்லை. உள்ளே சாமான் இருந்து, ஆள் வெளியே போயிருந்தால் அது பூட்டிய வீடு. ஒன்றுமே இல்லாமல் கிடந்தால்தான் காலி வீடு. இரண்டையும் குழப்பாதீர்கள் என்றார் அந்த அதிகாரி. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்திருந்தது.

பிறகு எல்லாம் மாறியது. குறைவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று நாடு முழுவதும் சொன்னார்கள். தெற்கே நாம் சொன்னபடி செய்தோம். எனக்கு இரண்டு, எஸ்தருக்கு இரண்டு. பெற்ற இரண்டையும் படிக்க வைத்தோம். படித்தவர்கள் நர்சாகவும் மெக்கானிக்காகவும் வெளியே போனார்கள், ஏனென்றால் உள்ளே வேலை இல்லை. இப்போது உங்கள் பக்கம் தலை குறைவு, அதனால் பாராளுமன்றத்தில் உங்கள் குரலும் குறையலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நம் பக்கத்துத் தலைவர்களோ, அப்படியானால் அதிகமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நான் இருவருக்கும் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகள் பாராளுமன்ற நாற்காலிக்கு முட்டுக்கொடுக்கப் பிறப்பதில்லை. சொன்னதைக் கேட்டவனைத் தண்டிக்கிற கணக்கை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. எந்தப் பிள்ளையாவது போட்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

மலையிலும் அதே கதைதான். தோட்டக் கம்பெனியின் குத்தகை முடிகிறது, காடு காடாகவே இருக்கவேண்டும், புலிகளின் இடம் இது என்றார்கள். நான் காட்டுக்கு எதிரி கிடையாது. யானை வந்த பாதையில் வீடு கட்டியது தவறுதான் என்றால் கேட்டுக்கொள்வேன். ஆனால் கட்டியது நாங்கள் கிடையாது. தாத்தா காலத்தில் ஏறுங்கள் என்றார்கள், ஏறினோம். இறங்குங்கள் என்கிறார்கள். இறங்கியவர்களுக்குக் கீழே நிலம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று கேட்டால் வீடு கொடுக்கிறோமே என்கிறார்கள். நாளைக்கு ஒரு புத்தகத்தில் மாஞ்சோலையில் மக்கள்தொகை குறைந்தது என்று ஒரு வரி வரும். மழை குறைந்தது என்பதைப்போல எழுதியிருப்பார்கள்.

5

மூன்றாவது நாள் வாங்கியபிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன். அவள் வீட்டு வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வீட்டுக்குள் போனால் நின்றுவிடும்.

"ஏட்டி எஸ்தரு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி. வியாழக்கிழமையே எறங்கிரு. ராஜன் ஆட்டோவோட வந்து கூட்டிட்டுப் போவான்."

ராஜன் அவள் மூத்த மகன். கீழே கொடுத்த வீட்டில் இருக்கிறான்.

"டீச்சரு வியாழக்கிழமைக்குள்ள வந்தா எறங்குதேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா எப்படி எறங்க? பூட்டிக் கெடந்தா காலின்னு எழுதிருவாவ. காலின்னு எழுதுனா பொறவு பஸ்ஸு எதுக்கும்பான். ரேசன் எதுக்கும்பான். கொழாய்ல தண்ணி எதுக்கும்பான்."

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க. ஒரு வீட்டு விவரத்தை எடுத்து வேற எதுக்கும் பயன்படுத்தப்படாது. அது ரகசியம். சட்டம் இருக்கு."

"ஒரு வீட்டுக் கணக்கு ரகசியம். ஊருக் கணக்கும் ரகசியமா?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். மஸ்டரில் நாற்பது வருடம் நின்றவளுக்கு, ஆள் எண்ணுகிறவன் எதற்கு எண்ணுகிறான் என்று கேட்கத் தெரிந்திருக்கிறது.

"உனக்குக் கண்ணு போயிரும்டி."

"ஒரு கண்ணு பாதி தெரியுது. போதும்."

"எனக்குப் போதாது."

"அப்ப நீ வந்து பாத்துக்கோ" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "கோவப்படாதண்ணே. புலியை எண்ணுததுக்கு மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கான். ராத்திரியிலயும் எண்ணுதான். எங்களை எண்ண ஒரே ஒரு டீச்சரம்மா, அதுவும் ஒரே ஒரு தடவை. அன்னைக்குக்கூட நான் வீட்ல இருக்கப்படாதா?"

அன்று இரவு ஜெபாவிடம் கத்தினேன். இவள் பிடிவாதத்துக்கு மருந்தே இல்லை என்று. ஜெபா கைப்பையை வைத்துவிட்டு, "அப்பா, நீங்க ஒரு பலகையைத் திருத்த நாலு லெட்டர் போட்டவங்க" என்றாள். ஒன்றுதான் போட்டேன், நாலு இல்லை என்றேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

6

புதன்கிழமை. இங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே அடுத்த நாள் காலை. அங்கே வியாழன். எஸ்தர் கூப்பிட்டாள்.

"அண்ணே, டீச்சரு வந்தாச்சு. பேசாமக் கேட்டுக்கிட்டு இரி." ஸ்பீக்கரில் போட்டு ஃபோனைக் கல்லின் மேல் வைத்தாள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"வாங்க டீச்சரம்மா. ஒரு மாசமா உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சும்மா. பஸ்ஸே வரலை." இளம் குரல். "இது யாரு ஃபோன்ல?"

"எங்க அண்ணன். கனடாவுல இருக்காவ. கணக்கு வாத்தியாரு. அந்தக் காலத்துல அவுகளும் இங்கன ஆள் எண்ண வந்தவுகதான்."

"அல்லாவே, அப்ப எனக்குப் பரீட்சைன்னு சொல்லுங்க." மேலப்பாளையத்துக்காரி என்றும் பெயர் பாத்திமா என்றும் சொன்னாள். வணக்கம் சொன்னேன். எஸ்தர் பேசாதே என்று அதட்டினாள்.

பாத்திமா டீச்சர் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்துவிட்டுக் கடைசியில்தான் இங்கே வந்திருந்தாள். ஆள் இருந்த மற்ற இரண்டு வீடுகளையும் எழுதியாகிவிட்டது. பூட்டிக் கிடந்தவற்றைப் பற்றி எஸ்தரிடம் கேட்க வைத்திருந்தாள்.

"இந்தப் பக்கத்து வீடு யாரும்மா?"

"தங்கராசு."

"இருக்காவளா?"

"இருக்காவ."

"கதவு பூட்டிக் கெடக்கே."

"இருக்காவன்னு சொல்லுதேன்லா."

"எங்க இருக்காவ?"

"கீழ. மவன் வீட்ல."

"அப்ப இங்கன இல்லைல்லாம்மா?"

"காலங்காத்தால இல்லைன்னு சொல்லாதீங்க டீச்சரம்மா. அந்த மனுசன் கல்லு மாதிரி இருக்காரு. போன ஞாயித்துக்கிழமைகூட என்கூடப் பேசுனாரு."

டீச்சர் சிரித்துவிட்டாள். "எங்க உம்மாவும் இப்படித்தாம்மா. எங்க வாப்பா முப்பது வருசமா சவுதியில. யாரு வந்து கேட்டாலும் உம்மா 'இருக்காவ'ன்னுதான் சொல்லுவாவ. ரேசன் கார்டுக்கு வந்தவரு, அவரைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடணும்னு அர மணி நேரம் உக்காந்திருந்தாரு. உம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து உக்கார வச்சிருந்தாவ."

இதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"டீச்சர், ஜன்னல் வழியாப் பாருங்க. உள்ள கட்டில், பானை, துணிமணி கெடக்கா?"

"கெடக்கு சார். காலண்டரு மாட்டியிருக்கு. அடுப்பு இருக்கு."

"கிறிஸ்மஸுக்கும் சர்ச்சுத் திருவிழாவுக்கும் ஏறி வாரவங்கதானே எஸ்தரு?"

"வராம? போன திருவிழாவுக்கு இந்த வரிசையே நெறஞ்சு கெடந்துச்சு."

"அப்ப அது பூட்டுன வீடு, டீச்சர். காலி இல்லை."

"தெரியும் சார். எங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். குரலில் சிறிது வருத்தம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

இப்படி ஏழு வீடு பூட்டிய வீடு ஆயிற்று. எஸ்தரின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. எட்டாவதாக மேரியின் வீடு.

"இதுவும் பூட்டுதான் டீச்சரம்மா."

"பூட்டையே காணலியேம்மா. கதவையே காணல."

"கதவு இருந்தா பூட்டித்தான் இருப்பா."

நான் சிரித்துவிட்டேன். எஸ்தருக்கு அது பிடிக்கவில்லை. "ஓடு எறங்கிப் போச்சுன்னு நீதானே போன மாசம் சொன்னே. அது காலிடி. அதுக்கு அடுத்த வீடும் காலி. காலின்னே எழுதச் சொல்லு" என்றேன்.

"நீ யாரு பக்கம்ணே?"

"கணக்குப் பக்கம்."

"கணக்குப் பக்கம் நின்னு நின்னுதான் கனடா போய்ச் சேந்தே."

அது வலித்தது. இருந்தாலும் விடவில்லை. "ரெண்டு காலி வீட்டை மறைச்சேன்னு வச்சிக்கோ. நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்துட்டு, பாக்கி பத்தும் பொய்யிம்பான். உள்ளதைச் சொன்னா உள்ளதை யாரும் அழிக்க முடியாது. மூணு வீட்ல ஆளு, ஏழு வீடு பூட்டு, ரெண்டு காலி. இதுல எதுக்கு நாம பயப்படணும்?"

பாத்திமா டீச்சர் எழுதிக்கொண்டாள்.

"இனி உங்க வீடும்மா. எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"நீங்க ஒண்ணு, இன்னொருத்தர்?"

"எங்க அண்ணன்."

என் நாற்காலி கிறீச்சிட்டது. எதிரே மெர்லின் தன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னை இங்க எண்ணியாச்சு. எழுதிக் கொடுத்தாச்சு. ஒரு ஆளை ரெண்டு எடத்துல எண்ணப்படாது."

"சாமான் கெடந்தா வீடு உண்டுன்னு இப்பந்தானே டீச்சருக்குச் சொன்னே? உன் கட்டிலு உள்ளதான் கெடக்கு. உன் பெட்டி கெடக்கு. உன் ரேடியோ பேசாது, ஆனாலும் கெடக்கு."

"அது வீட்டுக்கு உள்ள சட்டம். ஆளுக்கு வேற சட்டம். எங்க சாப்பிட்டு எங்க ஒறங்குதானோ, அங்கதான் அவன் கணக்கு."

"அப்ப எங்களுக்கு நீ கணக்குல கெடையாது. அப்படித்தானே?"

மெர்லினுக்குப் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, மேசையில் கிடந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வரிசையில் பிறந்தவன் நான். அந்த வரிசையை எண்ணியவனும் நான்தான். இரண்டு என்று எழுதவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வேறு ஒருவருடைய வசதிக்காக எங்களைக் கூட்டியும் கழித்தும் எழுதியவர்கள்மீதுதான் எனக்கு இத்தனை வருடக் கோபம். என் வசதிக்கு நானே ஒன்றைக் கூட்டிக்கொண்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"டீச்சர், ஒண்ணுன்னு எழுதுங்க."

"சரி சார்." எழுதிவிட்டு அவள் எஸ்தரிடம் சொன்னாள்: "அம்மா, ஒரு ஆளு இருந்தாலும் குடியிருக்குத வீடுதான். பெரிய வீட்டுக்கு என்ன கட்டமோ, அதே கட்டம்தான் இதுக்கும். கவலைப்படாதீங்க."

"கவலையெல்லாம் இல்லை. ஒரு கெழவிதானேன்னு எவனாவது பிற்பாடு சொல்லுவான். அதுக்குத்தான் சொன்னேன்."

"சொன்னா என்னம்மா செய்வீங்க?"

"ஆமாம்பேன். ஒரு கெழவிதான், எறக்கிப் பாருன்னு சொல்லுவேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பை திறக்கும் சத்தம். கதவில் வீட்டு எண் எழுத மார்க்கர் எடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் காலத்தில் காவிக்கட்டி.

"நெலைப்பக்கத்துல எழுதிரட்டுமா? மழை படாது."

"அங்கன வேண்டாம். சின்னதா எழுதாதீங்க டீச்சரம்மா. நடுக் கதவுல எழுதுங்க."

"எவ்வளவு பெருசா?"

"கதவு உசரத்துக்கு எழுதுங்க" என்றாள் எஸ்தர். "இன்னைக்குக் கண்ணு ஆபரேசனுக்கு எறங்குதேன். திரும்பி வரும்போது பஸ்ஸுல இருந்தே வாசிச்சிரணும்."